மீன் ரின்னுக்குள் பன்னிரண்டு பேர்

இது நடந்தது. 1992 ஆவணி, ஞாயிற்றுக்கிழமை, கொக்குவில். கல்லூரிச் சுவர்ப்பத்திரிகையில் நான் எழுதுவதில் முக்கால்வாசி புளுகு என்பது ஊருக்கே தெரியும். இது மிச்சக் கால்வாசியைச் சேர்ந்தது. நம்பாதவர்கள் என் கூட்டாளி பஞ்சலிங்கத்தைக் கேட்கலாம். அன்றைக்குச் சைக்கிள் சில்லுச் சுத்தினவன் அவன்தான். அதற்குப் பிறகு அவன் சைக்கிளைத் தொடவில்லை. கல்லூரிக்கு நடந்து வருகிறான், தினமும் பிந்தி வருகிறான்.

பேய் நடுச்சாமத்தில் வரும் என்பார்கள். எங்களுக்கு வந்தது பின்னேரம் ஐந்தரைக்கு. வெயில்கூட இறங்கவில்லை.

கலைவிழாவில் எங்கள் இசைக்குழு வாசிக்க வேண்டும். எலெக்ட்ரிக் கிற்றார் இருந்தது. அதன் மூன்றாவது கம்பி பிரேக் வயரில் பிரித்தெடுத்த இழை, பரவாயில்லை. இல்லாதது, கிற்றார் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற பெட்டி. றேடியோ திருத்தும் சந்தியோகு அண்ணை தன் கையால் இரண்டு செய்து தருவதாகச் சொன்னார். ஒன்று ஓவர்டிரைவ், பிஸ்கற் பெட்டிக்குள். மற்றது ஃபஸ், மீன் அடைத்து வந்த தகர ரின்னுக்குள். உலகத்தில் வேறு ஆரிடமும் இல்லாத பெட்டிகள். இரண்டையும் ஒப்பிட்டு, மேடைக்கு எது என்று சுவர்ப்பத்திரிகையில் நான் தீர்ப்பு எழுதுவதாக ஏற்பாடு.

ஃபஸ்ஸில் ஒரு சிக்கல்.

"அதுக்குப் பழைய றேடியோவில இருக்கிற ஜேர்மேனியம் ரான்சிஸ்ரர் ரெண்டு வேணும். புதுசு சரிவராது. எங்கையாவது எடுத்து வாரும், செய்து தாறன்" என்றார் அண்ணை.

எடுத்துப் போனேன். எங்கேயிருந்து என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் முருகேசு ஐயா இருந்தார். நாலு மாதமாகப் படுக்கை. ஒரே மகன் நாகலிங்கம் இரண்டு வருசத்துக்கு முன் அகதியாக வள்ளமேறிக் கடல் தாண்டி அக்கரைக்குப் போனவன். கடிதம் இல்லை. ஞாயிறு ஐந்தரைக்கு ஒரு வெளிநாட்டு வானொலி, போய்ச் சேர்ந்த அகதிகளின் பேர் வாசிக்கும். ஊரில் கரண்ட் இல்லை, பற்றரியையும் அரசாங்கம் ஊருக்குள் வரவிடுகிறதில்லை. அதனால் ஐயாவின் மனைவி மகாதேவி மாமி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுத்துவா. டைனமோவில் றேடியோ பாடும். ஐயா கண்ணை மூடிக்கொண்டு மகனின் பேருக்குக் காத்திருப்பார்.

அந்த றேடியோவில் ஸ்ரேசன் பிடிக்கிற முள்ளை நகர்த்துகிற நூல் அறுந்துபோயிற்று. சந்தியோகு அண்ணையிடம் கொடுக்கச் சொல்லி மாமி என்னிடம் தந்தா. நூலை நானே கட்டினேன். கட்டின கையோடு, சிரட்டைக் கரியில் சூடாக்கிய இரும்பால் ஈயத்தை உருக்கி ரான்சிஸ்ரர் இரண்டைக் கழற்றினேன். ஐந்து நிமிச வேலை.

"திருத்தியாச்சு மாமி. ஆனால் அந்த ஸ்ரேசன் இப்ப எடுபடாது. இரைச்சல்தான் வரும்."

"ஏன் தம்பி?"

"காலநிலை."

கலைவிழா முடியத் திருப்பிப் போடலாம் என்றிருந்தேன். மாமியோ நிறுத்தவில்லை. ஆறு ஞாயிறு, வெறும் இரைச்சலுக்கு அந்த மனுசி சில்லுச் சுத்தினா. ஒழுங்கையால் போகும்போது எனக்குக் கேட்கும். ஷ்ஷ்ஷ்... நான் மற்ற ஒழுங்கையால் போகப் பழகினேன்.

ஏழாவது ஞாயிறு. பஞ்சலிங்கம் வீட்டுக் கொட்டில். பின்னேரம் 5.20. எங்கள் சைக்கிளும் தலைகீழ். டைனமோவிலிருந்து வயர், வயரிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து பழைய கசற் பிளேயர் ஸ்பீக்கர்.

முதலில் ஓவர்டிரைவ். மெல்லத் தட்டினால் மெல்லக் கரகரத்தது, ஓங்கி அடித்தால் கத்தியது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. "சொல்வழி கேட்கிற பிள்ளை. உப அதிபரைப் போல அளவான கோபம். பத்துக்கு ஏழு" என்று கொப்பியில் எழுதினேன்.

5.29. ஃபஸ். தகரத்துக்குள் குளவிக்கூடு கலைந்த மாதிரி. மெல்லத் தட்டினாலும் ஓங்கினாலும் ஒரே வெறி. இரண்டு கம்பி சேர்ந்தால் அடிபாடு. ஆனால் ஒருமுறை தட்டினால் போதும், சத்தம் விடாமல் இழுத்துக்கொண்டே போனது. பத்துக்கு ஒன்பது போட்டேன்.

பிறகுதான் கவனித்தேன். கம்பிகளைக் கையால் அமத்திக்கொண்டிருக்கிறேன். சத்தம் நிற்கவில்லை.

"மச்சான், சுத்தாதை."

"நான் எப்பவோ விட்டிட்டன்ரா."

பார்த்தேன். சில்லு அசையவில்லை.

குளவிச் சத்தம் மெல்ல மாறியது. தண்ணீர்... வள்ளத்தின் அடியில் அலை தட்டுகிற மாதிரி. களக்... களக்...

5.33. ஒரு குரல். இளம் குரல். மூச்சு வாங்கி வாங்கிப் பேர் வாசித்தது.

ஒரு பேர். களக். இன்னொரு பேர். களக்.

பஞ்சலிங்கம் என் கொப்பியைப் பறித்து எழுதத் தொடங்கினான். ஏன் எழுதினான் என்று அவனுக்கே தெரியாது.

மூன்று. நான்கு.

அதற்குள் இன்னொரு குரல். கிட்ட... காதுக்குக் கிட்ட.

"சத்தம் காணாது... கூட்டும்."

முருகேசு ஐயாவின் குரல்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ரின்னில் இருந்த திருகைக் கடைசிவரை திருகினேன்.

ஒன்பது. பத்து.

பதினொன்று. "முருகேசு நாகலிங்கம்."

"ஓம்" என்றது கிழட்டுக் குரல்.

களக்.

பன்னிரண்டு.

"முருகேசு."

5.44. ரின் அடங்கியது.

ரான்சிஸ்ரர் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் ஓடினேன். படலையடியில் சனம் நின்றது. உள்ளே ஐயாவின் தலைமாட்டில் விளக்குக் கொளுத்தியிருந்தார்கள். மாமி என் கையைப் பிடித்தா.

"இப்பதான் தம்பி போனவர். நீர் திருத்தித் தந்த றேடியோ இண்டைக்குத்தான் பாடினது. முதல் சத்தம் காணேல்லை. கூட்டும், கூட்டும் எண்டார். நான் முழுக்கக் கூட்டித்தான் வைச்சிருந்தனான்... பிறகு தன்பாட்டில கூடிச்சுது. பிள்ளையின்ரை பேர் வந்திது! போய்ச் சேந்திட்டான். அதைக் கேட்டிட்டுத்தான் கண்ணை மூடினவர். நீர் நல்லா இருப்பீர்."

அவ பிடித்திருந்த கைக்குள் ரான்சிஸ்ரர் கால்கள் குத்தின. கையை விடுவித்து, அவற்றைச் சேட்டுப் பைக்குள் போட்டேன்.

ஐயாவின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த அடுத்த நாள், தூசு தட்டித் தருவதாகச் சொல்லி றேடியோவை வாங்கினேன். பின்மூடியைக் கழற்றினேன். நான் கழற்றின இரண்டு இடமும் நான் விட்டபடியே வெறுமையாக இருந்தன. ஈயப்பொட்டுக்கூட அப்படியே. மூடியைத் திருப்பிப் பூட்டிக் கொடுத்தேன். மேடைக்கு ஓவர்டிரைவ் போனது.

கார்த்திகையில் மாமிக்கு ஒரு கடிதம் வந்தது. அக்கரையில் அகதிகளைப் பதிகிற அலுவலகத்திலிருந்து. இங்கிலிசில்.

"நீர் படிக்கிற பிள்ளை. வாசிச்சுச் சொல்லும் தம்பி."

மனதுக்குள் வாசித்தேன். அந்த வள்ளம் கரை சேரவில்லை. வெளிக்கிட்ட இரவே, இரண்டு வருசத்துக்கு முன், நடுக்கடலில் தாண்டு மூழ்கிப்போயிற்று. ஓட்டி மட்டும் தப்பினான். அவன் கொடுத்த பேர்களைக் கீழே ரைப் அடித்திருந்தார்கள். பதினொரு பேர். பஞ்சலிங்கம் கொப்பியில் எழுதியிருந்த அதே ஒழுங்கில்.

கடைசியாக, நாகலிங்கம்.

"பேர் இருக்கோ தம்பி?"

"ஓம் மாமி. இருக்கு."

மாமி எழும்பிப் போய் அடுப்பு மூட்டினா. தேத்தண்ணி தந்தா, பனங்கட்டியோடு. கடிதத்தை மடித்து என் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு குடித்தேன்.

இரண்டாவது கோப்பையும் தந்தா. அதையும் குடித்தேன்.