திருநீறும் பப்ஸும்

நெய்யூரில் எங்கள் பேக்கரிக்குத் தினமும் பதினோரு மணிக்கு ஒருவர் வருவார். ஒடுங்கிய கன்னம், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கொத்திய இறைச்சியும் பாதி முட்டையும் வைத்த பப்ஸ் ஒன்று கேட்பார். தின்னும் முன் துண்டால் திருநீற்றைத் துடைப்பார். தின்று கை கழுவியதும், மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து மறுபடி பூசிக்கொண்டு போவார்.

ஒருநாள் அவராகவே சொன்னார்: "நாங்க சைவம் மக்கா. ஆப்பரேசனுக்குப் பொறவு உடம்புல சத்தில்ல, இறைச்சியும் முட்டையும் தின்னணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இதெல்லாம் வீட்டு வாசப்படிக்குள்ள கேத்த மாட்டாவ. பப்ஸுன்னா உள்ள இருக்கது கண்ணுக்குத் தெரியாதுல்லா. மருந்துன்னு முழுங்கிருவேன்."

மூன்று மாதத்தில் கன்னம் நிரம்பிவிட்டது. பிறகு ஒரு வாரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்த அன்று நெற்றியைத் துடைக்காமலே பப்ஸைக் கடித்தார்.

"அண்ணாச்சி, திருநீறு?" என்றேன்.

"டாக்டர் போதும்னுட்டாரு மக்கா. ஒரு வாரம் அடக்கிப் பாத்தேன், முடியல்ல. இது மருந்தில்ல, ஆசை. மனசுல இருக்கதைப் போய் சாமிகிட்ட ஒளிக்கவா முடியும்?"

சொல்லிவிட்டு, கையிலிருந்த பப்ஸை இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்ததை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தார்.