நூறு கிராம் கேப்பரை யார் சாப்பிடுவார்கள்?

எங்கள் பாந்தெல்லேரியா தீவில் மோமா ஏரேராவைவிட வேகமாகக் கேப்பர் மொட்டு பறிக்கிறவர் யாரும் இல்லை. அவரைவிட வேகமாகக் கோபப்படுகிறவரும் இல்லை. வயது அறுபத்திரண்டு. மே மாதம் தொடங்கினால் ஆகஸ்ட் வரை குனிந்த முதுகு நிமிராது. மொட்டு பூவாகிவிடுவதற்குள் கிள்ளி, ஊறுகாய்க்கு உப்பில் போட்டு, நாள் தவறாமல் கையால் புரட்டிவிடுவார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை பாதிரியார் கேட்டதற்கு, "மாப்பிள்ளை வந்தது மொட்டு சீசன்ல, ஃபாதர். ரெண்டையும் யாரு பாக்குறது?" என்றாராம்.

நான் ஊர் மருந்துக் கடையில் இருபது வருடமாக மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவன். யாருக்கு என்ன வியாதி என்பதை வெளியே சொல்லக் கூடாது. சொல்ல வேண்டிய அவசியமும் இங்கே இல்லை, அவர்களே கத்திச் சொல்லிவிடுவார்கள்.

மோமா அக்காவின் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபொர்துனாத்தோவின் வீடு. அக்காவின் தங்கை கத்தரீனாவைக் கட்டியவர். சுவரோரம் அவருடைய அத்திமரம். சுவருக்கு இந்தப் பக்கம் அக்காவும் கத்தரீனாவும் சேர்ந்து நட்ட பதினொரு கேப்பர் செடிகள். எங்கள் ஊர்க் காற்றுக்கு எந்த மரமும் தலை தூக்கக் கூடாது. ஒலிவ மரத்தைக்கூடத் தரையோடு படுக்கவைத்துத்தான் வளர்க்கிறோம். கத்தரீனா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு ஜனவரியிலும் ரம்பத்தை எடுத்து அத்தியைச் சுவர் மட்டத்துக்குக் கழித்துவிடுவாள். அவள் போய் ஆறு வருடம். அதற்குப் பிறகு அந்த மரத்தில் ரம்பம் படவில்லை. மரம் சுவரைத் தாண்டி வளர்ந்து, பதினொரு செடிக்கும் வெயில் இல்லாமல் செய்துவிட்டது. கேப்பருக்கு நிழல் ஆகவே ஆகாது.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சண்டை என் கடைக்குள்ளேயே வந்துவிட்டது.

"மரத்த அடியோட எடுய்யா. ஆறு வருஷமாச் சொல்றேன்."

"எடுக்க முடியாது மதினி. அது சாப்பாடு. உங்க மொட்டு வெறும் ஊறுகாய்."

"ஊறுகாயா? அந்த ஊறுகாய் இல்லாம ஒருநாள் உன் தொண்டையில உருளைக்கிழங்கு இறங்குமா?"

"உப்பத் தின்னுட்டுத்தான் எனக்குப் பிரஷர் ஏறிக் கெடக்கு."

"உன் அத்திப்பழத்தத் தின்னுதான் எனக்குச் சுகர்!"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் போதாத காலம், "எதுல எவ்வளவு சத்துன்னு கடைப் புத்தகத்துல பட்டியலே இருக்கே" என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். பந்தயம் கட்டியாயிற்று. கேப்பர் ஜெயித்தால் மரம் போகும். அத்தி ஜெயித்தால் அக்கா பதினொரு செடியையும் தோண்டி எறிந்துவிடுவார்.

"எடைக்கு எடை," என்றார் அக்கா. வாழ்நாள் முழுக்கத் தராசோடு இருந்தவர் அல்லவா. "நூறு கிராம் அது, நூறு கிராம் இது. நியாயமா இருக்கணும்."

படித்தேன். உலர்ந்த அத்தியில் கலோரி இருநூற்றைம்பது, கேப்பரில் இருபத்து மூன்று.

"பத்து மடங்கு!" என்று ஃபொர்துனாத்தோ மேசையைத் தட்டினார்.

"அது உன் தொப்பையிலயே தெரியுது. மேல படி, தம்பி."

நார்ச்சத்து அத்தியில் பத்து, கேப்பரில் மூன்று. சுண்ணாம்புச் சத்து நூற்றறுபதுக்கு நாற்பது. பொட்டாசியம் எட்டவே முடியாத தூரம். இரும்பு கிட்டத்தட்டச் சமம். வைட்டமின் கே வந்தபோது கேப்பர் முந்தியது. அக்கா எழுந்தே நின்றுவிட்டார். அடுத்த வரி உப்பு. அத்தியில் பத்து மில்லிகிராம் சோடியம், கேப்பரில் இரண்டாயிரத்துக்கு மேல்.

"மூணு தண்ணி மாத்தி ஊற வைக்காம எவன்டா அத வாயில வைப்பான்?"

"புத்தகத்துல ஊற வைக்கல மதினி," என்றார் ஃபொர்துனாத்தோ. "தோத்தா ஒத்துக்கணும்."

அக்கா நேரே வாசலுக்கு நடந்தார். சுகர் மாத்திரையைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் உருளைக்கிழங்கு சாலட் பிசையும்போதுதான் உறைத்தது. நான் போட்டது ஒரு ஸ்பூன் கேப்பர். நூறு கிராம் கேப்பரை உலகத்தில் யார் சாப்பிடுவார்கள்? உப்புக் கணக்கை ஒரு ஸ்பூனுக்கும் ஒரு பழத்துக்கும் பார்க்காமல், ஊறவும் வைக்காமல், ஒரு பெண்ணின் தோட்டத்தையே தோற்கடித்திருக்கிறேன். மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் முதல் செடி வேரோடு வெளியே கிடந்தது. அக்கா இரண்டாவது செடியின் முன் கடப்பாரையோடு நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கத்தரீனாவின் அடக்கத்தன்றுகூடப் பாதிரியாரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சுவர்மேல் ஃபொர்துனாத்தோவின் தலை தெரிந்தது. பிறகு கை. கையில் துணி சுற்றிய ஒரு ரம்பம்.

"போதும், வைங்க மதினி."

"வாக்கு வாக்குதான்யா. நீ ஜெயிச்ச."

"ஜெயிச்சவன் சொல்றதயாவது கேளுங்க. அவ போன பொறவு இந்த ரம்பத்தத் தொட எனக்குக் கை வரல. அதுக்குத்தான் மரத்த விட்டு வச்சேன். சத்தாவது மண்ணாவது! எங்க கழிக்கணும்னு எனக்குத் தெரியாது. அவ கழிக்கிறப்ப நீங்கதான் பக்கத்துல நிப்பீங்க."

அக்கா இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இத ஆறு வருஷத்துக்கு முன்னாடி சொல்றதுக்கு என்ன கேடு?"

"நீங்க எங்க என்னப் பேச விட்டீங்க?"

மதியம் வரை ஃபொர்துனாத்தோ மரத்தில், அக்கா கீழே. "அதில்ல, கழுத, அதுக்குப் பக்கத்துக் கிளை!" கிழக்குப் பக்கக் கிளை ஒன்றில் ரம்பத்தை வைத்தபோது மட்டும் அக்காவின் குரல் இறங்கியது. "அத விடு. அவ அத மட்டும் வெட்ட மாட்டா."

இந்த ஜூலையில் பத்துச் செடிகளிலும் முழு வெயில் விழுந்தது. அந்த ஒற்றைக் கிளையின் நிழல், அக்கா பிடுங்கிய செடி இருந்த இடத்தில் விழுகிறது. அங்கே இரண்டு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். மாத்திரை கொடுக்கப் போனால் எனக்கும் ஒரு தட்டு வரும்: ஒரே ஒரு அத்திப்பழம், ஒரு ஸ்பூன் கேப்பர். மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்தது.