பல்லில் ஏறாத ஆணி

போன வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மணலியில் என் வீட்டுக்காரர் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கப்பலில் போகிற மெஷின்களுக்கு மரப்பெட்டி அடிக்கிற இடம் அது. இவர் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

பேசியது ஆபீசுக்குப் புதிதாக வந்த பெண். அவளுக்குத் தமிழ் வராது. எனக்கு இங்கிலீஷ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக அலறிக்கொண்டு போக, காதில் விழுந்தது இவ்வளவுதான்: "மேடம்... யுவர் ஹஸ்பண்ட்... ஃபைட்டிங் டூத் அண்ட் நெயில்... ப்ளீஸ் கம்."

டூத் என்றால் பல். நெயில் என்றால் ஆணி. ஃபைட்டிங் என்றால் உயிருக்குப் போராடுகிறார்! மரப்பெட்டி கம்பெனியில் இதற்கு வேறு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள். திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. ஆணியை மட்டும் பிடுங்குவார்களா, பல்லோடு சேர்த்துப் பிடுங்குவார்களா? ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ்கட்டியை டப்பாவில் கொட்டிக்கொண்டு, ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பியை எழுப்பினேன்.

"பல்லுல எப்டிக்கா ஆணி ஏறும்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். எனக்கு மட்டும் தெரியுமா?

அங்கே போனால், கம்பெனி கேட்டுக்குக் குறுக்கே ஃபோர்க்லிஃப்ட் நின்றது. அதன்மேல் இவர், வாயை இறுக மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே முடியவில்லை போல என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யோவ், வாயத் தொற!" என்றேன்.

பயந்துபோய் "ஆ" என்று திறந்தார். பல்லெல்லாம் பத்திரமாக இருந்தது. "நீ இன்னாத்துக்கு இங்க வந்தே? எனுக்கு ஒண்ணும் இல்ல. அவரப் பாரு," என்று உள்ளே கைகாட்டினார்.

பலகை அடுக்குக்குப் பக்கத்தில், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர். எங்கள் வயசுதான் இருக்கும். செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஆணி ஏறியிருந்தது. ஷிப்ட் முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி என்கிறாராம் சூப்பர்வைசர். கேட்காமல் போனால் வேலை போய்விடும் என்று அந்த மனிதரும் நகரவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வரை ஒரு பெட்டியும் வெளியே போகாது என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, இவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம்.

யாருக்குப் பல், யாருக்கு ஆணி என்று எனக்குத் தலையே சுற்றியது. ஆனால் கையில் துண்டும் ஐஸும் இருந்தது, வாசலில் ஆட்டோ நின்றது. சூப்பர்வைசர் என் வழியை மறித்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ! "நகருய்யா! நான் இட்டுகினு போறேன். என்னிய எந்த வேலய வுட்டுத் தூக்குவே நீ?" என்று அவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். என் நகம் பட்டிருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஆணியை எடுத்து ஊசி போட்டார்கள். தாமதித்திருந்தால் சீழ் பிடித்துக் காலுக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

சாயங்காலம் காலேஜிலிருந்து வந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நெயில் என்றால் அங்கே நகமாம். பல்லாலும் நகத்தாலும் விடாமல் போராடுவது என்று அர்த்தமாம். "உங்கப்பா வாயும் தொறக்கல, கையும் தூக்கலயேடி," என்றேன். "அப்போ அது நீதாம்மா," என்றாள்.

அந்த ஆபீஸ் பெண் இவரைச் சொன்னது சரியா, இல்லை அது எனக்குத்தான் பொருந்துமா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் அந்த ஒடிசாக்காரர் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி வேலைக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு எனக்கு இங்கிலீஷ் சரியாகப் புரியாமல் ஆட்டோவோடு ஓடியதே நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்கிறேன்.