ரஜாய் போர்த்திய பவர் சப்ளை

என் மனைவி திருநெல்வேலிக்காரி. தில்லி மருத்துவமனையொன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் வந்து படுப்பாள். நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறவன். கரோல் பாக்கில் எங்களுக்கு வாய்த்த ஒற்றை அறையில், அவள் கால்மாட்டில் என் கணினி மேசை. அவள் தூங்கியாக வேண்டும். நான் தட்டியாக வேண்டும்.

கோடையில் கூலர் போடும் இரைச்சலில் மற்றதெல்லாம் அமுங்கிவிடும். குளிர்காலத்தில்தான் சிக்கல். வீடே வாய்மூடிக் கிடக்க, என் கணினியின் பவர் சப்ளையில் இருக்கும் விசிறி மட்டும், ஆஸ்துமாக்காரர் மாடியேறுவதுபோல் இழுக்கும். அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் எனக்குக் குற்ற உணர்ச்சி.

ஒருநாள் பழைய ரஜாயை, குளிருக்குப் போர்த்தும் கனத்த பஞ்சுப் போர்வையை, எடுத்துக் கணினிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டேன். ஜனவரியில் தில்லிவாசி எதற்கும் செய்கிற முதலுதவி அதுதானே. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு உள்ளே சூடு ஏற ஏற, அதைத் தணிக்க விசிறி வேகமெடுத்தது. விமானம் கிளம்புகிற சத்தம். பாய்ந்துபோய் ரஜாயை உருவினேன்.

கணினிக் கடைக்குப் போய்ச் சத்தம் போடாத பவர் சப்ளை கேட்டேன். “இந்தப் பவர் சப்ளை நல்லா சூடானாத்தான் விசிறி சுத்தும், அங்கிள் ஜி. கேம் ஆடுவீங்களா?” என்று இந்தியில் கேட்டார் கடைக்காரர்.

“எழுதுவேன்.”

“அச்சா! அப்போ சுத்தவே சுத்தாது.”

என் எழுத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனம் அதுவரை வந்ததில்லை. வாங்கிவந்து மாட்டினேன். அவர் சொன்னபடியே விசிறி அசையவில்லை. பரம நிசப்தம். பெருமையோடு தட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் எழுந்து உட்கார்ந்து, காலால் செருப்பைத் துழாவினாள்.

“என்னாச்சு? மெஷின் ஏன் நின்னுபோச்சு?”

“நிக்கல. சத்தம் போடாத மெஷின். நீ தூங்கணும்னுதான் மாத்தினேன்.”

“நல்லா மாத்துனிய! வார்டுல மெஷின் சத்தம் நின்னா எந்திரிச்சு ஓடுத ஆளு நான். அந்த இரைச்சல் கேட்டாத்தான் எல்லாம் சரியா இருக்குன்னு கண்ணு சொக்கும். பழசையே மாட்டுங்க.”

“அப்போ இத்தனை நாளா புரண்டு புரண்டு படுத்தது?”

“அது நீங்க கீபோர்டுல அடிக்க அடி! எழுதுதியளா, கொத்துபரோட்டா போடுதியளா?”

பழைய பவர் சப்ளை தூசு தட்டப்பட்டு மீண்டும் பதவியேற்றது. நான் விரல்களைப் பூப்போல வைக்கப் பழகிக்கொண்டேன். என்னை வீட்டில் உபயோகமுள்ள மனிதனாக்கியதற்கு அந்த ஆஸ்துமாக்காரருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். வேலை ஏதும் வராத நாளிலும் காலையில் கணினியைப் போட்டுவிடுகிறேன். அவள் தூங்குகிறாள்.