கழிமுகக் கம்பத்துக்கு ஒரு வெள்ளைத் துணி

லுவா அண்ணியின் சவப்பெட்டியை வெளியே எடுக்குமுன் முற்றத்து மரங்களுக்கெல்லாம் வெள்ளைத் துணி கட்டினோம். வீட்டுக்காரி போய்விட்டாள் என்று மரத்துக்கும் தெரிய வேண்டும் அல்லவா. பாக்கு, பலா, எலுமிச்சை என்று கட்டி முடித்தபோது கழிமுகத் தெரு மீனவர் குவாய் வந்தார். "எனக்கும் ஒரு துண்டு கிழிச்சுக் குடு" என்றார். எதற்கென்று கேட்காமல் கிழித்துக் கொடுத்தேன்.

அண்ணி எங்கள் ஊராட்சியின் ஒலிபெருக்கியில் இருபது வருடங்களுக்கு மேல் வாசித்தவள். விடியுமுன் எழுந்து பச்சைத் தேநீர் குடித்துவிட்டு அலுவலகத்துக்குப் போவாள். வயலுக்கு மருந்தடிக்கும் நாள், வாக்குச்சாவடி திறக்கும் நேரம், ராணுவத்துக்கு அழைக்கப்பட்டவர்கள், இறந்தவர்கள் எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குப் போய்ச் சேரும். மேலிடத்து அறிவிப்பு எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், மீன் விற்பவளுக்கும் புரிகிற மாதிரி நிறுத்தி வாசிப்பாள். பெயர்களை மட்டும் இரண்டு முறை சொல்வாள்.

கழிமுகத் தெருவில் குவாய் வீட்டுக்கு எதிரே ஓர் ஒலிபெருக்கிக் கம்பம் உண்டு. இரவெல்லாம் கடலில் கணவாய் பிடித்துவிட்டு விடியும்போது படுப்பவர் அவர். ஒரு வருடம் கம்பத்தில் ஏறி, ஒலிபெருக்கியின் வாயில் தன் மழைக்கோட்டைத் திணித்துவிட்டார். ஊராட்சித் தலைவர் துயெட்டுக்கு விஷயம் போயிற்று.

"நாளைக்குக் காலையில அவன் பேரைச் சொல்லி வாசி. ஊரே கேட்கட்டும்."

"வாசிக்கிறேன் தலைவரே. ஊருக்குக் கேட்கும். அவருக்குத்தான் கேட்காது. அதான் அடைச்சு வச்சிருக்காரே."

அலுவலகமே சிரித்தது. துயெட் சிரிக்கவில்லை. "நாளைக்கு வெள்ளம் வந்து அந்தத் தெருவுல ஒரு உசிரு போனா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றாள் அண்ணி.

பெயரை வாசித்து அவமானப்படுத்தினால் குவாய் ஜென்மத்துக்கும் தன் பேச்சைக் கேட்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் முதலில் கேட்க வேண்டியவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். அன்று மாலையே, அலுவலகத்தில் அவளுக்கு உதவியாக இருந்த என்னை வண்டியெடுக்கச் சொல்லி அவர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, என் குரல் அவ்வளவு கொடுமையாவா இருக்கு?"

"கண்ணு சொருகுற நேரத்துல நாய்க்கு ஊசி போடுங்க, நாய்க்கு ஊசி போடுங்கங்குற. என்கிட்ட நாயே இல்ல!"

"ஒண்ணு வாங்கிக்குங்களேன். அறிவிப்பு வீணாப் போகாதுல்ல."

"போடி!" என்றார். ஆனால் எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். வெள்ளக் காலம் ஒன்பதாம் மாதம் தொடங்கும். அப்போது மழைக்கோட்டை எடுத்துவிட வேண்டும், அதுவரை அவர் தூங்கலாம் என்று பேச்சு முடிந்தது.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. எட்டாம் மாதம், நிலாப் பண்டிகைப் பலகாரம்கூட விற்றுத் தீரவில்லை. மேலே அணையைத் திறக்கிறார்கள் என்று மதியம் செய்தி வந்தது. எல்லாரும் பள்ளிக்கூட மாடிக்குப் போக வேண்டும் என்று அண்ணி வாசித்தாள். இரண்டாம் முறை வாசிக்கும்போது பாதியில் நின்றாள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். தாளைக் கீழே வைத்தாள்.

"சந்தைத் தெரு ஆளுங்க யாராவது கழிமுகத்துக்கு ஓடுங்க. குவாய் அண்ணன் வீட்டுக் கம்பத்துல கோட்டு அடைச்சிருக்கு, அங்க யாருக்கும் கேட்காது. அடைக்க விட்டது நான்தான். லுவா. லுவாதான் விட்டேன். ஓடுங்க."

மின்சாரம் போகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.

கழிமுகத் தெரு முழுக்க அங்கே மாடியில் இருந்தது. குவாய் அந்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு படியில் நின்றார்.

"கோட்டு என் முதுகுல இருக்குடி! மழை பேயுது, எனக்கு வேற கோட்டா இருக்கு? முதல் மழைக்கே எடுத்துட்டேன். எடுத்துட்டேன், எடுத்துட்டேன்னு கம்பத்தைப் பார்த்துக் கத்துறேன், அது பாட்டுக்கு என் மானத்தை வாங்குது!"

"எல்லாரும் வந்தாச்சா அண்ணே?"

"பன்னிகூட வந்தாச்சு."

அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் துயெட் விடவில்லை. ஒலிபெருக்கியை அடைத்துவைக்க விட்டதற்காக, அவளுக்கான கண்டனத்தை அவளே வாசிக்க வேண்டும் என்றார். மறுநாள் விடியலில், தடுப்பூசி அறிவிப்புக்கு அடுத்ததாக, அதே நிதானத்தோடு வாசித்தாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. தன் பெயரையும் வழக்கம்போல இரண்டு முறை சொன்னாள்.

அண்ணி இறந்த செய்தியை, அவள் இடத்துக்குப் புதிதாக வந்த பெண் வாசித்தாள். பெயரை ஒரே முறைதான் சொன்னாள்.

அடக்கம் முடிந்து கழிமுகத் தெரு வழியாக வந்தேன். கம்பத்தில், ஒலிபெருக்கிக்குக் கீழே, வெள்ளைத் துணி கட்டியிருந்தது. குவாய் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"மரத்துக்கெல்லாம் சொன்னீங்க" என்றார். "இதுக்குச் சொல்ல வேணாமா?"