பாறைக்குக் கீழே போட்ட கிடை

ஓமானில் சலாலாவுக்குக் கிழக்கே மலை ஏறிப் போனால் முசல்லம் என்பவரின் ஆட்டுப்பட்டி இருக்கிறது. நூற்றுப்பத்து ஆடு. அந்த நூற்றுப்பத்துக்கும் இது இன்னாருடைய குட்டி, இத்தனையாவது ஈத்து என்று வரிசை தப்பாமல் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. அவர் அந்த மலையில் பிறந்தவர் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் வேப்பங்குளத்து ஆட்டுக்கார அருள்முருகன் மகன், கார்மேகம்.

அருள்முருகனுக்கு மூன்று பெண்ணுக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண் இவர். மூத்தவளைக் கமுதியில் கொடுத்தார்கள். நடுவுள்ளவள் பானுமதி அபிராமத்தில் வாழ்க்கைப்பட்டாள். கடைசிப் பெண்ணை உள்ளூரிலேயே வீரபாண்டிக்குக் கொடுத்து, வீரபாண்டியின் தங்கை நாகவள்ளியை இவருக்கு எடுத்தார்கள். கட்டி இருபத்தாறு வருஷம் ஆகிறது. லீவு நாளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரே கூரைக்குக் கீழே இருந்தது ஏழு வருஷம் தேறும்.

முதலில் போனது துபாய்க்கு. சோனாப்பூர் கேம்ப்பில் ரூமுக்குப் பன்னிரண்டு பேர், விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ், சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. வேலை கைக்குப் பிடிபட்டது, மனசுக்குத்தான் பிடிபடவில்லை. காலையில் கண் விழித்ததும் ஓர் ஆடு கத்துகிற சத்தம் கேட்காவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்போதுதான் சலாலாவில் தீவனக் கடை வைத்திருந்த கீழக்கரை கலீல் ரஹ்மான், மலையில் ஆடு பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி விசா வாங்கிக் கொடுத்தார். அது நடந்து பன்னிரண்டு வருஷம்.

முதலாளி முசல்லத்தை அவர் அர்பாப் என்றுதான் கூப்பிடுவார். அர்பாப் பேசுவது பாதி அரபி, பாதி ஹிந்தி. கார்மேகம் பதில் சொல்வது கால் அரபி, கால் ஹிந்தி, மிச்சம் தமிழ். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் பேச்சு முட்டி நின்றதில்லை.

அந்த மலையில் ஆனி மாதம் தொடங்கி ஆவணி வரைக்கும் சாரல். மேகம் தரையில் தவழும், ஆட்டின் முதுகில் பாசி பிடிக்காத குறைதான். போன வருஷம் காற்றும் சேர்ந்துகொண்டது. திறந்த மேட்டில் இருந்த பட்டியில் குட்டிகள் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, கார்மேகம் பட்டியைக் கீழே ஒரு பெரிய பாறைச் சுவரோரம் மாற்றினார். ஊரில் ராத்திரிக்கு ஆட்டை அடைத்துக் கிடை போடும்போது கண்மாய்க் கரையை முதுகுக்கு வைத்துப் போடுவதுதான் வழக்கம். காற்றுக்கு அடைப்பு, காவலுக்கு ஒரு பக்கம் மிச்சம். நரி வந்தால் எதிரே இருந்துதான் வரும். அந்தக் கணக்கில் பாறை ஓரத்தில் வைத்தார். அர்பாப்கூட வந்து பார்த்துவிட்டு, “கொயஸ், கொயஸ்” என்று தட்டிக்கொடுத்துப் போனார்.

சாரல் விட்டு, புரட்டாசி வெயில் தலைகாட்டிய ஒரு காலையில் பட்டியைத் திறந்தால் மூன்று ஆடு கழுத்தில் பல் பட்டுக் கிடக்கிறது. ஒன்றைக் காணவில்லை. கிடந்ததில் ஒன்று, மாதுளை மரத்தடியில் ஈன்ற சிவலையின் மகள். சினை வேறு. கார்மேகம் அதன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

செய்தி கேட்டு அர்பாப் வந்தார். அவருடைய மச்சினன் பகீத்தும் கூடவே வந்தான். அடுத்த சரிவில் அவனுக்கும் எண்பது ஆடு. பகீத் தரையைப் பார்த்தான்; உள்ளங்கை அகலத்துக்குத் தடம், நகம் பதியவில்லை.

“நிம்ர்,” என்றான். சிறுத்தை.

வண்டிக்குப் போய் ஒரு தகர டின்னோடு திரும்பி வந்தான். பயிருக்கு அடிக்கிற விஷம். “ஒண்ணைத்தானே தின்னுச்சு? மிச்சம் மூணைச் சும்மா கொன்னுருக்கு. கொழுப்பெடுத்த ஜென்மம். திரும்பவும் இந்தப் பிணத்துக்கு வரும். ஏ கார்மேகம், கையில உறையை மாட்டிக்கிட்டு இதை எல்லாத்து மேலயும் தடவு. கலாஸ், கதை முடிஞ்சுது.”

சிறுத்தையைக் கொல்லக் கூடாது என்று சட்டம் இருப்பது பகீத்துக்கும் தெரியும், அர்பாப்புக்கும் தெரியும். அர்பாப் தாடியைத் தடவினார். நாலு ஆடு போன வயிற்றெரிச்சல் அவருக்கு.

கார்மேகம் டின்னை வாங்கவில்லை. “சாயங்காலம் வரைக்கும் பொறுங்க அர்பாப்,” என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் போனதும் பட்டியைச் சுற்றி வந்தார். முள்வேலியில் ஒரு முள் கலையவில்லை. கதவுக் கயிறு கட்டியபடியே இருந்தது. அப்படியென்றால் எதன் வழியாக வந்தது? அண்ணாந்து பார்த்தார். பாறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே, பாசியில் நாலு கீறல் கோடு இறங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஏறின கோடு. ஏறின கோட்டோரம் ஆட்டு ரோமம் ஒட்டியிருந்தது. மேலே இருந்து குதித்திருக்கிறது. அடைபட்ட ஆடுகள் மிரண்டு அதன் மேலேயே விழுந்து புரண்டிருக்கின்றன; கிட்டே வந்ததையெல்லாம் கடித்திருக்கிறது. அது கொழுப்பில்லை, கலவரம்.

கார்மேகத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. கண்மாய்க் கரையிலிருந்து எதுவும் குதிக்காது. முதுகுளத்தூர்ச் சீமையில் மலையே கிடையாதே. மேலே பார்க்க வேண்டும் என்ற புத்தி, தரைக்காட்டு ஆளுக்கு எப்படி வரும்? ஆனாலும் கிடை போட்டது அவருடைய கைதானே.

கலீல் ரஹ்மானுக்குப் போன் போட்டார்.

“பாய், தப்பு என்னோடது. நான்தான் அதுக்கு ஏணி வச்சுக் குடுத்திருக்கேன்.”

“யார்கிட்டப்பா சொன்ன இதை?”

“உங்ககிட்டத்தான் மொதல்ல.”

“அப்ப என்கிட்டயே நிக்கட்டும். மக கல்யாணம் தை மாசம்னு சொன்னியா இல்லியா? விசா புதுப்பிக்கிற நேரம். சிறுத்தை அடிச்சா சிறுத்தை மேல பழி. நீ ஏன்ப்பா நடுவுல போயி தலையைக் குடுக்குற? வாயை மூடிக்கிட்டு இரு.”

“இல்ல பாய். கிடையில ஆடு போச்சுன்னா, கிடை காக்குற கீதாரிதான் ஆட்டுக்குச் சொந்தக்காரன் வீட்டு வாசல்ல போயி நின்னு, அடைப்பு எங்க தப்புன்னு சொல்லணும். எங்க அய்யா சொன்னாரு, அவுக அய்யா சொன்னாரு. நரியைக் குத்தம் சொல்லிக்கிட்டு எங்க வீட்டு ஆளு யாரும் நின்னதில்ல.”

“இது நரி இல்லடா, சிறுத்தை!”

“அடைப்பு அதேதான பாய்.”

கலீல் ரஹ்மான் பெருமூச்சு விட்டார். “சரி, போ. மாட்டிக்கிட்டா மட்டும் எனக்குப் போன் போடாத,” என்றார். பிறகு அவரே, “போடு, போடு,” என்றார்.

சாயங்காலம் கார்மேகம் அர்பாப்பின் வீட்டு முற்றத்தில் போய் நின்றார். பகீத்தும் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தான். பாறையில் இருந்த கோட்டைப் போனில் படம் எடுத்து வந்திருந்தார். அதைக் காட்டினார்.

“அர்பாப், பட்டியை அங்க வச்சது நான். மேல பாக்காம வச்சேன். அது என் தப்பு. விஷம் வைக்க வேணாம். பதினஞ்சு நாள் குடுங்க, வேற பட்டி போடுறேன். அதுக்குள்ள ஓர் ஆடு, ஒரே ஓர் ஆடு சிறுத்தைக்குப் போச்சுன்னாலும் என் விசாவைக் கேன்சல் பண்ணுங்க. நானே ஊருக்குப் போயிர்றேன்.”

பகீத் சிரித்தான். “பாருங்க மாப்பிள்ளை, உங்க ஆளு சிறுத்தைக்கு வக்கீலு!”

அர்பாப் சிரிக்கவில்லை. “இதை நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்ன?”

“உங்களுக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன்.”

அர்பாப் காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “பதினஞ்சு நாள்,” என்றார். “டின் என்கிட்ட இருக்கட்டும்.”

அன்றைக்கு நாகவள்ளி போனில் பிடிபிடியென்று பிடித்தாள். “ஊருல ஒருத்தன் அண்ணன் தம்பிக்கு ஜாமீன் போடுவான், பங்காளிக்கு ஜாமீன் போடுவான். சிறுத்தைக்கு ஜாமீன் போட்ட மனுசனை இப்பத்தாங்க பாக்குறேன். அது ஒழுங்கா இருக்கும்னு எழுதிக் குடுத்துச்சாக்கும்?”

“அதுக்கு எழுதத் தெரியாது.”

“உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்,” என்றாள். பிறகு, “நல்லா உசரமா போடுங்க வேலியை,” என்றாள்.

மறுநாள் செத்த ஆடுகளை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து, மேலே கல் அடுக்கினார். அந்த மலையில் செத்ததைப் பள்ளத்தில் வீசிவிடுவதுதான் பழக்கம். அதுவே சிறுத்தைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி. பிறகு பாறையிலிருந்து நூறு தப்படி தள்ளி, மரமில்லாத வெட்டவெளியில் இடம் பிடித்தார். இரும்புக் கால் நட்டு, கலீல் ரஹ்மான் கடையிலிருந்து வந்த கம்பிவலையைச் சுற்றிலும் கட்டி, மேலேயும் மூடினார். சோனாப்பூரில் பழகின கை; ஒரு முடிச்சை ஆட்டினால் வேலி மொத்தமும் ஆடும், முடிச்சு மட்டும் அவிழாது. வெளிச்சுற்றுக்குக் காய்ந்த முள்.

குட்டிகளுக்குக் குடாப்பு முடைந்தார். கவிழ்த்த கூடை மாதிரி, ஆள் இடுப்பு உயரத்துக்கு, குட்டிகளை உள்ளே விட்டு மூடி வைக்கிற கூண்டுதான் குடாப்பு. ஊரில் மூங்கில் பிளாச்சில் பின்னுவார்கள். இங்கே சலாலாத் தோட்டங்களில் வெட்டிப்போட்ட தென்னை மட்டை கிடைத்தது. ஈர மட்டையைக் கீறி, காலில் மிதித்துக்கொண்டு பின்னினார். ஏழு குடாப்பு. பட்டிக்கு நடுவில் ஏழையும் வரிசையாகக் கவிழ்த்தார்.

இன்னொரு வேலையும் செய்தார். தினமும் பொழுது சாயும்போது பட்டியைச் சுற்றி ஒரு கிளையை இழுத்து மண்ணைத் துடைத்த மாதிரி ஆக்கிவிடுவார். ராத்திரி எது வந்தாலும் காலையில் தடம் சொல்லிவிடும்.

எட்டு நாள் ஒரு தடமும் இல்லை. பத்தாம் நாள் மேய்ச்சல் முடிந்து எண்ணினால் நூற்றைந்து. நூற்றாறு இருக்க வேண்டும். திரும்ப எண்ணினார். நூற்றைந்து. முகம் முகமாகப் பார்த்து வந்ததில் காணாமல் போனது யார் என்று தெரிந்தது: ஒற்றைக் கொம்புக் கறுப்பி. அர்பாப்புக்குப் போன் போடலாம் என்று எடுத்த நேரத்தில் பகீத்தின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. பின்னால் கறுப்பி நின்றுகொண்டிருந்தது, அசைபோட்டபடி.

“உன் ஆடு என் வீட்டுல விருந்து சாப்பிடுது,” என்றான் பகீத். “நான் பேசாம இருந்திருந்தா நீ இந்நேரம் பெட்டி கட்டியிருப்ப.”

“ஏன் பேசாம இருக்கல?”

பகீத் தோளைக் குலுக்கினான். “நீ மட்டுந்தான் அடுத்தவனுக்குத் தெரியாததைச் சொல்லுவியா?”

பதின்மூன்றாம் நாள் காலை. வெயில் இன்னும் பட்டிமேல் விழவில்லை. கார்மேகம் கதவுப் பக்கம் வந்து அப்படியே நின்றார். பாறைப் பக்கத்திலிருந்து தடம் வந்திருந்தது. பட்டியை ஒரு சுற்று சுற்றியிருந்தது. கிழக்கு மூலையில் உட்கார்ந்த அச்சு, வால் படிந்த கோடுகூடத் தெரிந்தது. எழுந்து இன்னொரு சுற்று. ஓர் இடத்தில் முள்ளை ஒதுக்கிப் பார்த்து, முன்னங்காலை வலையில் வைத்திருக்கிறது. பிறகு சரிவில் இறங்கிப் போயிருக்கிறது. பெரிய தடத்துக்குப் பக்கத்திலேயே, அதில் பாதி அளவுக்கு, இன்னொரு தடம்.

குனிந்து அந்தச் சின்னத் தடத்தின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். விஷம் வைத்திருந்தால் இரண்டும் போயிருக்கும்.

உள்ளே போய் எண்ணினார். நூற்றாறு. மூன்று தரம் எண்ணினார். குடாப்பைத் தூக்கினால் குட்டிகள் தாய்களைத் தேடி ஓடின.

போன் போட்டதும் அர்பாப் அரை மணியில் வந்துவிட்டார். காட்டுயிர் ஆபீஸிலிருந்து துஃபூல் என்ற பெண் அதிகாரியையும் அழைத்து வந்தார். அர்பாப்பே அவளுக்குச் சொல்லியிருக்கிறார். துஃபூல் அந்த மலைப் பெண்தான். தடத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, அளவுகோல் வைத்துப் படமெடுத்தாள். எழுந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

“பெண் சிறுத்தை. குட்டியோட,” என்றாள். “இந்த மலையில மிச்சம் இருக்குறதை விரல் விட்டு எண்ணிரலாம் மாமா. நாங்க ரெண்டு வருஷமா கேமரா வச்சும் ஒரு குட்டியைப் பாக்கல.”

பகீத்தும் வந்து சேர்ந்தான். தடத்தைச் சுற்றி நடந்து பார்த்தான். “அதுக்குப் பசி இருந்திருக்காது,” என்றான்.

“பசி இல்லாமலா ரெண்டு சுத்து சுத்திச்சு? பிரதட்சணமா பண்ணுச்சு?” என்றார் கார்மேகம் தமிழில். யாருக்கும் புரியவில்லை, ஆனால் சொன்ன விதத்திலேயே எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அர்பாப் வண்டியிலிருந்து அந்தத் தகர டின்னை எடுத்து வந்து துஃபூல் கையில் கொடுத்தார். “இது இனி என் வீட்டுல வேணாம்,” என்றார். பிறகு கார்மேகத்தின் தோளில் கையைப் போட்டு, அவள் கேட்கும்படி சொன்னார்: “என் ஆளு. தப்பு செஞ்சான், அவனே வந்து சொன்னான், அவனே சரி பண்ணினான். நான் இதுவரைக்கும் இந்த மூணையும் ஒரே ஆளுகிட்ட பாத்ததில்ல.”

கார்மேகத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒற்றைக் கொம்புக் கறுப்பியைப் பார்த்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பகீத் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். கார்மேகம் பழக்கத்தில் பின்னால் தீவனக் கட்டோடு ஏறப் போனார். “யல்லா, முன்னால வா,” என்று பகீத் கதவைத் திறந்துவிட்டான். முன் ஸீட்டில் உட்கார்ந்து, காலை நன்றாக நீட்டிக்கொண்டு போனார்.

பகீத்தின் பட்டி அடுத்த சரிவில். எண்பது ஆடு, நல்ல கல்லடைப்பு. பக்கத்துச் சரிவுக்காரர்கள் நாலைந்து பேரும் வந்து காத்திருந்தார்கள். கார்மேகம் இறங்கி ஆட்டைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, அடைப்புக்கு மேலே சாய்ந்து நின்ற பாறையைப் பார்த்தார்.

“இந்த அடைப்பை இங்கேருந்து எடுக்கணும்,” என்றார்.

பகீத் கையுறையை மாட்டிக்கொண்டு போய் முதல் கல்லை அவனே தூக்கினான்.