பெயர் கேட்கிறவள்

"உன் பேரு இன்னா அத்தே?"

புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து வந்தவளை மறித்துக் கேட்டாள் அமிர்தம்.

"பெரியவன் அம்மாடி. தெரியாத மாதிரி கேக்குறியே."

"அது பெரியவன் பேரு. உன்னுது?"

அவள் யோசித்தாள். "செங்கேணி" என்றாள். சொல்லிவிட்டு, யாரோ சொன்னதுபோலச் சிரித்தாள். அமிர்தம் நோட்டில் எழுதிக்கொண்டு, அப்பன் பெயரையும் கேட்டாள்.

விடுமுறைக்கு வந்த நாளிலிருந்து இதே வேலை. பாகூரை ஒட்டிய அந்தச் சேரியில் நாற்பது குடிசைகள், நாற்பதிலும் கேட்டாயிற்று. பங்குச் சாமியாரின் சிபாரிசில் சென்னையில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரியில் படிக்கிறாள். அரசியல், மனவியல் என்று பாடங்கள். கடலூர்ச் சாலையில் பிரெஞ்சு எல்லைச் சுங்கச் சாவடிக்காரன் அவள் பெட்டியைக் கிளறி, புத்தகத்தில் மூளையின் படத்தைப் பார்த்ததும் சட்டென்று மூடிக் கொடுத்துவிட்டானாம். தாய் காசம்மாளும் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள பூந்து பாக்குறதா படிப்பு?"

"பாக்குறது இல்லம்மா. கேக்குறது."

கேட்டுவிட்டு, முகவாயில் கை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருத்தல்தான் காசம்மாளுக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதில் ஆண்டை வீட்டுக் களத்தில் தன்னைக் கட்டிவைத்து அடித்ததை, இருபது வருஷமாகப் பெண்டாட்டியிடம் சொல்லாததை, அவள் புருஷன் சூசைநாதன் ஒரு சாயங்காலம் மகளிடம் சொல்லி அழுதான்.

பெண்களுக்கும் ஓட்டு என்று பிரெஞ்சு சர்க்கார் அறிவித்திருந்த வருஷம் அது. பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னால் ஓட்டு நாளன்று மெரி என்னும் நகரசபை அலுவலகத்தில் ஓட்டுக் கார்டு கொடுப்பார்கள். ஆண்களின் கார்டுகளை மிராசுதாரின் கணக்குப்பிள்ளை அரங்கநாதனே மொத்தமாக வாங்கி, ஓட்டையும் தன் ஆட்களை வைத்துப் போட்டுவிடுவது வழக்கம். மறுத்தவனுக்கு மறுநாள் வயலில் வேலை இராது. இந்த முறை பெண்களின் கார்டுகளையும் வாங்கிக்கொள்ள, அவர்கள் பெயர்களை எழுதிப்போக அவர் வரப்போவதாகப் பேச்சு.

"யாரும் மறுக்க வேணாம்" என்றாள் அமிர்தம், கிணற்றடியில் கூடியிருந்த பெண்களிடம். "அவரு உங்கள எப்பவும் எப்பிடிக் கூப்புடுவாரோ, அதையே சொல்லுங்க. நம்ம பேரு தனக்குத் தெரியாதுன்றதே அவருக்கு இன்னும் தெரியாது."

மறுநாள் காலை அரங்கநாதன் காகிதமும் பென்சிலுமாக வந்தார்.

"ஏ, உன் பேரு இன்னா?"

"பெரியவன் அம்மாங்க."

"அது இல்ல. பேரு, பேரு!"

"நீங்க அப்பிடித்தானே ஐயா கூப்புடுவீங்க."

அடுத்த வீட்டில், "கோடி வூட்டுக்காரிங்க." அதற்கடுத்த வீட்டில், "'ஏ புள்ள'ங்க." சூசைநாதனிடம் பெண்டாட்டி பெயரைக் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான்.

"நான் 'இந்தாடி'ன்னுதாங்க கூப்புடறது."

காசம்மாளுக்குச் சிரிப்பு முட்டியது. மகளைப் பார்த்தாள். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நாலாவது வீட்டில் அரங்கநாதன் எழுதுவதை நிறுத்திவிட்டார். முப்பது வருஷம் தன் கண்ணெதிரே நாற்று நட்ட பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

இந்தத் தலையா நம் மடியில் பேன் பார்க்கக் கிடந்தது என்று காசம்மாள் அன்று முழுதும் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஓட்டு நாளன்று பெண்கள் விடியற்காலையிலேயே மெரிக்குப் போய் வரிசையில் நின்றார்கள். இருபத்தொன்று நிரம்பாததால் அமிர்தத்துக்கு ஓட்டு இல்லை. இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிறர் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

உள்ளே, குமாஸ்தா நிமிராமலே கேட்டார்: "பேரு?"

காசம்மாளின் கை தானாக முந்தானையை வாய்க்குக் கொண்டுபோயிற்று. அவள் ஜன்னலைப் பார்த்தாள். முந்தானையை இறக்கினாள்.

"காசம்மாள். அப்பா பேரு வீரப்பன்."

வெளியே அமிர்தத்தின் உதடுகளும் அதே நேரத்தில், சத்தமில்லாமல், தாயின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன.